ஸ்பிதிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ஆற்றங்கரையோடு மெல்ல ஏறும் முழு வழிகாட்டி

இமாசலப் பிரதேசத்தில் திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது ஸ்பிதி. மழை மேகங்கள் இமயத்தின் தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் இந்தப் பக்கம் வந்து சேர்வது மிகக் கொஞ்சம். அதனால் மலை இருந்தும் காடு இல்லை. மண்ணும் கல்லும் காற்றும்தான். நடுவில் ஸ்பிதி ஆறு. பனி உருகி வரும் ஓடைகளைக் கால்வாய் வெட்டித் திருப்பிய இடங்களில் மட்டும் பார்லியும் பட்டாணியும் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சைத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு கிராமம். பேச்சு, உணவு, வழிபாடு, வீடு கட்டும் விதம் எல்லாமே திபெத்திய மரபைச் சேர்ந்தவை.

முதல்முறை நான் போனபோது ஏற்பாடு செய்து கொடுத்தவர் போட்ட திட்டம் மொத்தம் ஆறு நாள். மணாலியில் காலை நான்கு மணிக்கு வண்டி ஏறி அன்று இரவே ஸ்பிதியின் மையமான காஜா. குன்சும் கணவாயிலேயே தலை வெடிக்க ஆரம்பித்தது. அடுத்த இரண்டு நாளும் வாந்தியோடு விடுதிக் கட்டிலில் கழிந்தன. மூன்றாம் நாள் திரும்பும் வண்டி. கீ என்ற பௌத்த மடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இரண்டாம்முறை சிம்லா வழியாகப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பயணத்தை வைத்துத்தான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

முதலில் வழியை முடிவு செய்யுங்கள்

காஜாவுக்கு இரண்டு சாலைகள். ஒன்று மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை, கிராம்பூ, சத்ரூ, பாட்டல், குன்சும் கணவாய், லோசர் வழியாக வருவது. தூரம் ஏறத்தாழ 200 கி.மீ. இன்னொன்று சிம்லாவிலிருந்து ராம்பூர், கின்னோர் மாவட்டம், நாகோ, தாபோ வழியாக வருவது. இது 400 கி.மீ.க்கு மேல்.

வரைபடத்தைப் பார்த்தால் மணாலி வழிதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் மணாலி இருப்பது சுமார் 2,000 மீட்டர் உயரத்தில். அங்கே தூங்கி எழுந்து, 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டி, அன்று இரவே சுமார் 3,700 மீட்டரில் இருக்கும் காஜாவில் படுக்க வேண்டும். தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். உடம்பு இதைத் தாங்காமல் போனால் அது பலவீனம் இல்லை, ஒரே நாளில் அத்தனை உயரம் ஏறியதன் விளைவு.

சிம்லா வழி சட்லெஜ் ஆற்றையும் அப்புறம் ஸ்பிதி ஆற்றையும் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மெல்ல ஏறுகிறது. வழியெல்லாம் ஊர் உண்டு, தாபா உண்டு, தங்க இடம் உண்டு. எனவே முதல்முறை போகிறவர்கள் சிம்லா வழியாக ஏறுங்கள். இறங்கும்போது வேண்டுமானால் மணாலி வழியாக இறங்கலாம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

எப்போது போவது

என் தேர்வு செப்டம்பர். வானம் தெளிந்து கிடக்கும், அறுவடை நடந்துகொண்டிருக்கும், குன்சும் கணவாயும் திறந்திருக்கும். அக்டோபர் நடுவரைக்கும் போகலாம், ஆனால் இரவுக் குளிர் கடுமையாகிவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் வயல்கள் அழகின் உச்சத்தில் இருக்கும். ஸ்பிதிக்குள் மழையும் குறைவு. சிக்கல், அங்கே போய்ச் சேரும் சாலைகளில்தான். இரண்டுமே மழைக்காலத்தில் சரிகிற மலைகளை வெட்டிப் போட்டவை. 2021 ஆகஸ்டில் கின்னோரின் நிகுல்சாரியில் மலை சரிந்து ஓர் அரசுப் பேருந்தையே மூடியது. 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் முந்நூறு பேர் அளவில் பனியில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் மீட்புக்குக் காத்திருந்தார்கள். விடுமுறை கிடைக்கிறது என்பதற்காக இந்த இரண்டு மாதங்களில் குழந்தைகளோடு போக வேண்டாம் என்றே சொல்வேன்.

மே கடைசி, ஜூனில் சிம்லா பக்கம் நம்பலாம். குன்சும் பனி அகற்றித் திறப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். குளிர்காலத்தில் மணாலி பக்கம் முழுக்க மூடிவிடும். கிப்பர் கிராமத்துப் பக்கம் பனிச்சிறுத்தை பார்க்க பிப்ரவரி, மார்ச்சில் ஆட்கள் வருகிறார்கள். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும், குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

அனுமதி, பணம், செல்பேசி

இந்தியக் குடிமக்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் எல்லைப் பகுதி என்பதால் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் கேட்டுப் பெயர் எழுதிக்கொள்வார்கள், அசல் அட்டை கையில் இருக்கட்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் கின்னோரிலிருந்து ஸ்பிதிக்குள் நுழையும் பகுதிக்கு உள்கோட்டு அனுமதி (Inner Line Permit) வாங்க வேண்டும். சிம்லாவிலோ கின்னோரின் தலைமையிடமான ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். அலுவலக நாளில் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு நாள் வீண்.

பயணம் முழுவதற்குமான பணத்தை ரொக்கமாக ரெக்காங் பியோவைத் தாண்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். காஜாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் அதில் பணம் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. கிராமத்து வீடுகளில் செல்பேசிக் கட்டணமுறைக்குச் சிக்னல் வேண்டுமே! காஜாவில் சிக்னல் கிடைக்கும், வெளியே போகப் போக விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் “ரெண்டு மூணு நாள் பேச்சே இருக்காது, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இதைச் சொல்லாமல் போய் ஊரையே கலங்கடித்தவர்களை எனக்குத் தெரியும்.

சொந்த வண்டி என்றால், ரெக்காங் பியோ அடிவாரத்தில் இருக்கும் பவாரியில் பெட்ரோல் நிரப்புங்கள், அடுத்து காஜாவில். காஜாவில் நிரப்பினால் மணாலி வரை தாங்க வேண்டும்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது

இதை மட்டும் இரண்டுமுறை படியுங்கள். காஜாவில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவான ஆக்சிஜன்தான் உள்ளே போகும். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நாள் எடுத்துக்கொள்ளும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். பகலில் இதைவிட உயரமாகப் போய்விட்டு இறங்கி வந்து தூங்கலாம், அது நல்லதும்கூட.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது எல்லாம் பலருக்கும் வரும். அன்று மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரையோ சிவப்போ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறல் இவற்றில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். காஜாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலரும் தடுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து அளவு கேட்டுக்கொண்டு வாருங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட்டே போட வேண்டாம். முதல் சில நாள் மது கூடாது. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

என்ன எடுத்துப் போவது

ஒரே தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மூன்று உடுப்புகள் மேல். செப்டம்பரிலும் வெயிலில் சட்டை போதும், நிழலுக்கு வந்தால் ஸ்வெட்டர், இரவில் எல்லாமே வேண்டும். காதை மூடும் குல்லாய், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு, உதட்டுக்குக் களிம்பு. தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும், வாயகன்ற டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், வறண்ட தோலுக்கு அருமையாக உதவும். கைவிளக்கு, மின்சாரம் போனால் சமாளிக்க பவர் பேங்க், தண்ணீர் பிடிக்க உறுதியான குப்பி. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள். அங்கே போடும் குப்பை அங்கேயே கிடக்கும்.

சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டாம். சோறு, பருப்பு, ரொட்டி எங்கும் கிடைக்கும். 3,700 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. அதனால் சாப்பாடு வரத் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். துக்பா என்கிற சூடான நூடுல்ஸ் சூப், மோமோ, வறுத்த பார்லி மாவான சம்பா, உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் இவைதான் அந்த ஊர் சாப்பாடு. உப்புத் தேநீரை டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றமாக இருக்கும். ரசம் போல நினைத்துக் குடியுங்கள், பிடித்துவிடும். நான் ஒரு புட்டி புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தேன், வயிறு மந்தமான நாளில் அதுதான் கைகொடுத்தது.

நாள்வாரியாக

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, அல்லது விமானத்தில் சண்டிகர். அங்கிருந்து சிம்லா. நேரம் இருந்தால் கல்காவிலிருந்து 1903-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் ஏறுங்கள். சிம்லாவில் ஓர் இரவு.

அடுத்த நாள் முழுக்கப் பயணம், கின்னோரின் கல்பாவுக்கு. உயரம் 2,960 மீட்டர். எதிரே கின்னர் கைலாச மலை, சுற்றிலும் ஆப்பிள் தோட்டம். இங்கே இரண்டு இரவு. பேருந்தில் போகிறவர்களுக்கு, பக்கத்து ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்குக் காலையில் அரசுப் பேருந்து உண்டு. முந்தைய நாளே நேரத்தை விசாரித்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள் காலை சீக்கிரம் கிளம்புங்கள். கப் என்ற இடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லெஜோடு ஸ்பிதி ஆறு கலக்கிறது. அங்கிருந்து சாலை ஸ்பிதி ஆற்றைப் பிடித்துக்கொள்ளும், மரங்கள் முடிந்துவிடும். பெரும்பாலான பயணத் திட்டங்களில் அன்று இரவு நாகோவில் தங்கச் சொல்வார்கள். நாகோ 3,660 மீட்டர், கல்பாவிலிருந்து ஒரே நாளில் 700 மீட்டர் ஏற்றம். அதனால் நாகோ ஏரியைச் சுற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டையும் அங்கே முடித்துக்கொண்டு, 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவுக்கு இறங்கித் தூங்குங்கள். வழியில் பிரிந்து போகும் கியூ கிராமத்தில் உட்கார்ந்த நிலையிலேயே பதப்பட்டுப்போன ஒரு துறவியின் உடல் இருக்கிறது. சுமார் 500 ஆண்டுப் பழமை. நேரம் இருந்தால் மட்டும் அங்கே போங்கள்.

தாபோவில் ஒரு முழு நாள் கொடுங்கள். கி.பி. 996-இல் நிறுவப்பட்ட மடம் இது, மேற்குத் திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ காலத்தது. வெளியிலிருந்து பார்த்தால் மண் மேடு போலத்தான் இருக்கும். உள்ளே போனதும் இருட்டு. அவசரப்படாமல் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகப் பழக, சுவரிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே மண்சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும், அவற்றுக்குக் கீழே ஆயிரம் ஆண்டுப் பழைய ஓவியங்கள். காஷ்மீரத்துக் கலை மரபு அந்த முகங்களில் தெரியும். தஞ்சையில் ராசராசன் அரியணை ஏறிப் பத்துப் பதினோரு ஆண்டு ஆகியிருந்த சமயம் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஒளிந்து எடுக்கவும் கூடாது, அந்த வண்ணங்கள் அவ்வளவு மென்மையானவை.

ஏழாம் நாள் தங்கர். ஸ்பிதியின் பழைய தலைநகர். அரித்துப்போன மண் தூண்களின் உச்சியில் மடம் தொற்றிக்கொண்டு நிற்கிறது. கட்டடம் பலவீனமாக இருப்பதால் மேல்தளத்துக்கு எத்தனை பேரை விடுகிறார்களோ அதற்குக் கட்டுப்படுங்கள். அன்று இரவு காஜா. அங்கே இரண்டு இரவு. இடைப்பட்ட பகலில் கீ மடம், 4,166 மீட்டர். துறவிகள் மூலிகைத் தேநீர் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். அப்படியே சீச்சம் பாலம். 2017 வரை அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெரும் பள்ளத்தைக் கம்பியில் தொங்கும் கூடையில்தான் கடந்தார்கள்.

மறுநாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக் கிராமங்கள். மூன்றும் 4,400 மீட்டரும் அதற்கு மேலும். காஜாவில் இரண்டு இரவு முடிந்த பிறகே போங்கள். லாங்சாவைச் சுற்றிக் கடல்வாழ் உயிர்களின் கல்படிமங்கள் கிடைக்கும். இமயம் எழுவதற்கு முன் இது கடலடியாக இருந்தது. நம் வீட்டுப் பூசையறைச் சாளக்கிராமமும் இதே வகை உயிரின் படிமம்தான், நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருவது. சிறுவர்கள் விலைக்குக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை மலையைத் தோண்டுவார்கள்.

ஹிக்கிமில் 1983 முதல் ஓர் அஞ்சலகம் இயங்குகிறது. ஊருக்கு ஓர் அஞ்சல் அட்டை போடுங்கள், ஆனால் முகவரியை ஆங்கிலத்தில் எழுதி பின்கோடைப் பெரிதாகப் போடுங்கள். என் அம்மாவுக்குப் போட்டது நான் ஊர் திரும்பி வெகுநாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

அன்று இரவு கிப்பரில் ஒரு வீட்டில் தங்குங்கள், ஏறத்தாழ 4,200 மீட்டர். காஜாவில் தலைவலி இருந்திருந்தால் இதை விட்டுவிட்டுக் காஜாவுக்கே திரும்புங்கள். பத்தாம் நாள் ‘பின்’ என்ற பள்ளத்தாக்கின் முத் கிராமம். மற்ற இடங்களைவிடப் பசுமை, மடங்களும் ஞிங்மா என்ற பழைய மரபைச் சேர்ந்தவை. இதை அவசரத்தில் தவிர்ப்பவர்கள் அதிகம். எனக்கோ ஸ்பிதியிலேயே பிடித்த இடம் இதுதான்.

கிராமத்து வீட்டில் தங்கும்போது

விடுதியைவிட ஹோம்ஸ்டே எனப்படும் கிராமத்து வீடுகளில் தங்குங்கள், பணம் நேராக அந்த வீட்டுக்கே போகும். “ஜூலே” என்று சொன்னால் வணக்கம், நன்றி இரண்டும் ஆயிற்று. பெரும்பாலோருக்கு இந்தி தெரியும். நமக்குத் தெரியாவிட்டால் பத்துச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

அந்த வீடுகளின் அமைப்பைப் புரிந்துகொண்டு போனால் நல்லது. விளைநிலம் மிகக் குறைவு என்பதால், மரபுப்படி நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே. அவன் இருப்பது காங்சென், அதாவது பெரிய வீடு. அவன் பொறுப்பேற்றதும் பெற்றோர் சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். இளைய மகன்கள் பலர் துறவிகளாக மடத்துக்குப் போனார்கள். மடத்தில் பார்க்கும் சிறுவனுக்கும் பக்கத்துக் கிராமத்து வயலுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

கழிப்பறை பெரும்பாலும் உலர் கழிப்பறை. மேல்தளத்தில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியல், மண்வெட்டி. முடித்ததும் மண்ணைத் தள்ள வேண்டும். அது வசந்தத்தில் வயலுக்கு உரமாகப் போகும். எனவே நாப்கின், பிளாஸ்டிக் எதையும் உள்ளே போடக் கூடாது. தண்ணீர் ஊற்றவும் கூடாது, கழுவ எங்கே இடம் என்று வீட்டு அம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மந்திரம் செதுக்கிய மணிக்கற்கள், சோர்தன் எனும் சிறு தூபிகள் இவற்றை நம் கோயில் போலவே வலம் வாருங்கள். மடத்துக்குள் செருப்பும் தொப்பியும் வேண்டாம், கையால் சுட்டிக்காட்ட வேண்டாம், புத்தரின் பக்கம் கால் நீட்ட வேண்டாம். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சாலையை விட்டு வண்டியைப் புல்வெளியில் இறக்காதீர்கள், இந்த மண்ணில் பதிந்த சக்கரத் தடம் பல ஆண்டு மறையாது.

மணாலி வழியாக இறங்குவது

பதினோராம் நாள் காஜா, லோசர் வழியாகக் குன்சும் கணவாய். அங்கே வண்டிகள் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் போகும். அன்று இரவு சந்திரதால் பக்கம், சுமார் 4,250 மீட்டர். ஏரி ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் உள்ள நீர்நிலை, கரையில் கூடாரம் போடத் தடை. முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளி. பயணத்திலேயே மோசமான குளிர் இங்கேதான், இருக்கும் உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு படுங்கள்.

பாட்டலிலிருந்து கிராம்பூ வரை சாலை என்று சொல்வதற்கில்லை, கல்லும் நீரோடைகளும்தான். தரையிலிருந்து உயர்ந்த வண்டி வேண்டும். நாலா என்று அவர்கள் சொல்லும் இந்த ஓடைகளில் இரவுக் குளிரில் பனி உருகாததால் விடியற்காலையில் தண்ணீர் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, மதியத்துக்கு மேல் வண்டியையே இழுக்கும். எனவே ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். எதிரே வருபவர்களிடம் முன்னால் ஓடை எப்படி இருக்கிறது என்று நிறுத்தி விசாரியுங்கள், எல்லோரும் சொல்வார்கள். ஓட்டுநர் “இன்னைக்குக் கடக்க முடியாது” என்றால் மறுபேச்சு வேண்டாம்.

மணாலியில் இறங்கிய மறுநாளுக்கே விமான டிக்கெட் போடாதீர்கள். நடுவில் இரண்டு நாள் வெறுமையாக விட்டு வையுங்கள். கணவாய் மூடினால் வந்த வழியே சிம்லாவுக்குத் திரும்ப அந்த இரண்டு நாள் தேவைப்படும்.